உயிர் காக்கும் கம்பம் நட்ட மந்திரி

லண்டன் நகரத் தெருக்களில் ஒரு வேடிக்கையான கம்பத்தைக் காணலாம்.

கம்பம் முழுவதும் கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி இருக்கும். உச்சியில் ஆரஞ்சுப் பழம் போல ஓர் உருண்டை இருக்கும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு கம்பம். அந்தப் பக்கம் ஒரு கம்பம். இரண்டுக்கும் நடுவே, ரோட்டின் மீது, வரிக்குதிரையின் உடலில் இருப்பது போன்ற வெள்ளைக் கோடுகள்.

அந்த இடத்தில் ஒருவர் காலை எடுத்து வைத்தால் போதும். வருகிற கார் நிற்க வேண்டும். கோடீசுவரரின் கார் ஆனாலும் நிற்கத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சிறுவன் கடந்து போன பிறகுதான் அது நகரலாம்.

அந்தக் கம்பத்துக்குப் பெலிஷா கம்பம் என்று பெயர். சிங்கப்பூரிலும் ஆங்காங்கிலும் கூட இந்தக் கம்பம் உண்டு.

பெலிஷா என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் இங்கிலாந்தில் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர். அந்தப் பதவியில் அவர் இருந்தது 3 ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவான காலமே. ஆனால், அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்த காரியங்கள் 90 ஆண்டுகள் ஆகியும் அழியவில்லை.

சாலையில் நடக்கும் சாவு தலைவிதி அல்ல, தடுக்கக் கூடியது என்று எடுத்துக் காட்டியவர் அவர்.

தந்தை முகம் அறியாதவர்

லெஸ்லி பெலிஷா 1893-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ந் தேதி பிறந்தார். அவருடைய குடும்பம் யூதக் குடும்பம்.

குழந்தைக்கு ஒரு வயது நிரம்புவதற்குள் தகப்பனார் இறந்து போனார். தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்றே மகனுக்குத் தெரியாது. தாயார் எலிசபெத்தான் அவரை வளர்த்து ஆளாக்கினார். ஒரே மகன் என்பதால் தாயாருக்கு அவர் மீது உயிர். மகனும் தாயாரைத் தெய்வமாகக் கொண்டாடினார்.

1912-ம் ஆண்டில் தாயார் மறுமணம் செய்துகொண்டார். மணந்தவரின் பெயர் அடேர் ஹோர். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். வளர்ப்புத் தந்தையின் பெயரையும் லெஸ்லி தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அது முதல் அவர் ஹோர் பெலிஷா ஆனார்.

பிரிஸ்டல் நகரத்தில் உள்ள கிளிப்டன் பள்ளியில் அவர் படித்தார். பிறகு பிரான்சு நாட்டிலும் ஜெர்மனியிலும் படித்தார். அதன் பின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1914-ம் ஆண்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. ஹோர் பெலிஷா படிப்பை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பிரான்சிலும் கிரேக்க நாட்டின் சலோனிகா போர்முனையிலும் பணி புரிந்தார். யுத்தம் முடிந்தபோது அவர் மேஜர் பதவியில் இருந்தார்.

திரும்பவும் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். அங்கே மாணவர் விவாத சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் தலைவராக இருந்தவர்கள் பலர், பின்னாளில் பெரிய பதவிகளுக்குப் போயிருக்கிறார்கள். நாவன்மை உள்ளவர்களுக்கே அந்த இடம் கிடைக்கும்.

பேனாவும் பேச்சும்

படிப்பு முடிந்ததும் அவர் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். அதோடு சட்டமும் படித்து, 1923-ம் ஆண்டில் வக்கீல் ஆனார்.

அவருக்கு ஆசை எல்லாம் அரசியலில்தான். டெவன்போர்ட் என்ற துறைமுகத் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் 1922-ம் ஆண்டில் போட்டியிட்டார். தோற்றுப் போனார். சளைக்கவில்லை. மறு ஆண்டே மீண்டும் நின்றார். வெற்றி பெற்றார். அது முதல் 22 ஆண்டுகள் அந்தத் தொகுதி மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள்.

பத்திரிகையில் வேலை பார்த்ததால் ஒரு விஷயம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு நல்ல காரியத்தைச் செய்தால் மட்டும் போதாது. அது ஊர் முழுவதும் தெரிய வேண்டும். பாமர மக்களின் கண்ணில் பட வேண்டும். இந்தப் பாடம் பின்னால் அவருக்குக் கை கொடுத்தது.

1934-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அவர் போக்குவரத்து மந்திரி ஆனார். அப்போது அவருக்கு வயது 40.

ஒரு நாளைக்கு 20 சாவு

அந்தக் காலத்தில் போக்குவரத்து மந்திரி பதவியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. நிதி மந்திரி, யுத்த மந்திரி என்றால் தனிப் பெருமை. ரோட்டைப் பார்த்துக்கொள்வதில் என்ன பெருமை என்று நினைத்தார்கள்.

ஆனால், ரோட்டில் நடந்ததோ ஒரு யுத்தம்தான்.

1926-ம் ஆண்டில் பிரிட்டிஷ் சாலைகளில் விபத்துகளில் இறந்தவர்கள் 4 ஆயிரத்து 886 பேர். 1934-ம் ஆண்டில் அந்தத் தொகை 7 ஆயிரத்து 343 ஆக உயர்ந்துவிட்டது. காயம் அடைந்தவர்கள் 2 லட்சத்து 31 ஆயிரத்து 603 பேர்.

நாள் ஒன்றுக்கு 20 பேர் இறந்தார்கள். காலையில் வேலைக்குப் போன அப்பா மாலையில் திரும்பவில்லை. கடைக்குப் போன பாட்டி வீடு வந்து சேரவில்லை. பந்தை எடுக்கத் தெருவுக்கு ஓடிய குழந்தை எழுந்திருக்கவே இல்லை.

அடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நடந்து சென்றவர்கள். காரில் ஏறி அறியாத ஏழைகள்கூடக் காரில் அடிபட்டுச் செத்தார்கள்.

காரணம் என்ன?

அப்போது பிரிட்டனில் ஏறக்குறைய 24 லட்சம் மோட்டார் வண்டிகள் ஓடின. ஆனால், ரோடுகள் எல்லாம் குதிரை வண்டிக் காலத்து ரோடுகள். குறுகலான தெருக்கள். கண் மறைக்கும் வளைவுகள்.

கார் ஓட்டுவதற்குப் பரீட்சை எதுவும் கிடையாது. பணம் கட்டினால் லைசென்சு கிடைக்கும். காலையில் கார் வாங்கியவர் மாலையில் கடைவீதியில் ஓட்டலாம்.

வேகத்துக்கும் கட்டுப்பாடு இல்லை. 1903-ம் ஆண்டு முதல் மணிக்கு 20 மைல் என்ற வரம்பு ஒன்று இருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. மதிக்காத சட்டம் எதற்கு என்று 1930-ம் ஆண்டில் அதை எடுத்துவிட்டார்கள். கார்கள் இஷ்டம்போல் பறந்தன.

எங்கே தொடங்குவது?

புது மந்திரியின் முன்னால் ஒரு பெரிய கேள்வி நின்றது.

நாட்டில் ஆயிரம் ஆயிரம் மைல் நீளத்துக்குச் சாலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திவிட முடியாது. அவ்வளவு பணம் எந்தச் சர்க்காரிடமும் கிடையாது. அப்படி என்றால் எந்த இடத்தை முதலில் கவனிப்பது? எதைப் பிறகு பார்ப்பது?

ஒரு வீட்டுக் கூரையில் 10 இடங்களில் ஓட்டை இருக்கிறது. கையில் இருப்பதோ 2 ஓடு வாங்கத்தான் காசு. குழந்தை படுத்திருக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஓட்டையைத்தான் தாய் முதலில் அடைப்பாள். சாலைக்கும் அதே நியாயம்தான். எங்கே அதிகமாக உயிர் போகிறதோ, அங்கே முதலில் போக வேண்டும்.

உயிர் அதிகமாகப் போவது ஊருக்குள்ளே என்று தெரிந்தது. வயல் நடுவே ஓடும் நீண்ட சாலையில் கார்கள் மட்டுமே போகும். ஊருக்குள்ளே காரும் மனிதரும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். அங்கேதான் காப்பு வேண்டும்.

மயிரிழையில் தப்பினார்

மக்கள் தெருவைக் கடப்பதற்கு என்று தனி இடங்களைக் குறித்து வைக்கும் யோசனை, ஹோர் பெலிஷா மந்திரி ஆவதற்கு முன்பே தோன்றியிருந்தது. லண்டனில் சில இடங்களில் ரோட்டில் அடையாளம் இட்டுச் சோதனையும் நடந்து வந்தது.

பதவி ஏற்ற சில வாரங்களுக்குள் புது மந்திரி அதை நேரில் பார்க்கப் புறப்பட்டார். லண்டனில் கேம்டன் டவுன் என்ற பகுதிக்குச் சென்றார். அங்கே அடையாளம் இட்ட இடத்தில் இறங்கித் தெருவைக் கடந்தார்.

அப்போது ஒரு கார் சீறிக்கொண்டு வந்தது. ஆள் கடப்பதைக் கண்டும் அது நிற்கவில்லை. மந்திரியை உரசுவது போல ஓடி மறைந்தது. ஹோர் பெலிஷா மயிரிழையில் உயிர் தப்பினார்.

மறுநாள் நாடு முழுவதும் இதே பேச்சு. மந்திரிக்கே இந்தக் கதி என்றால் சாதாரண மக்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அந்த விபத்தில் இருந்து மந்திரி ஒரு பாடம் கற்றுக்கொண்டார். ரோட்டில் கோடு போட்டால் மட்டும் போதாது. தரையில் உள்ள கோடு, தூரத்தில் வருகிற டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது. கிட்ட வந்த பிறகு தெரிந்து பயன் இல்லை.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தில் ஒரு கணக்கை அச்சிட்டார்கள். மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு 75 அடி தூரம் வேண்டும். ஆபத்தைக் கண்டு, டிரைவர் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் 30 அடி ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் 45 அடி ஓடும். மணிக்கு 40 மைல் வேகம் என்றால் 120 அடி தேவை.

ஆகவே, கடக்கும் இடம் வெகு தூரத்திலேயே தெரிய வேண்டும். அதற்கு உயரமான அடையாளம் ஒன்று வேண்டும்.

கம்பம் பிறந்தது

இப்படிப் பிறந்ததுதான் கறுப்பு வெள்ளைக் கம்பம். அதன் உச்சியில் ஆரஞ்சு நிறக் கண்ணாடி உருண்டையைப் பொருத்தினார்கள். அது ஆரம்பத்தில் விளக்கு அல்ல, வெறும் உருண்டைதான். ஆனால், கூட்டம் நிறைந்த தெருவிலும் அந்த நிறம் பளிச்சென்று கண்ணைப் பறித்தது.

1934-ம் ஆண்டிலேயே லண்டன் தெருக்களில் கம்பங்கள் முளைக்கத் தொடங்கின. பத்திரிகைக்காரர்கள் அவற்றுக்கு மந்திரியின் பெயரையே சூட்டினார்கள். மந்திரி அதற்காக வருத்தப்படவில்லை. பெயர் பரவினால் கம்பமும் பரவும் என்பது பழைய பத்திரிகைக்காரரான அவருக்குத் தெரியும்.

அந்த ஆண்டு வந்த புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதற்குப் பலம் கொடுத்தது. ஒவ்வோர் ஊர் நகரசபையும் தன் ஊரில் எந்த எந்த இடங்களில் மக்கள் கடக்க வழி தேவை என்று திட்டம் போட்டு மந்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் நடந்து செல்வோருக்கே முதல் உரிமை. வண்டிகள் விட்டுக்கொடுக்க வேண்டும். மீறினால் குற்றம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. லண்டனில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஒரு சிற்றூரின் கடைவீதி தெரியாது. எந்த மூலையில் பள்ளிக்கூடம் விடுகிறது, எந்தத் திருப்பத்தில் சந்தைக் கூட்டம் சேருகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

கேலியும் கல்லெறியும்

புதிய காரியம் எதைச் செய்தாலும் சிரிப்பதற்கு ஒரு கூட்டம் இருக்கும். இங்கிலாந்திலும் இருந்தது.

பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. மோட்டார்காரர்கள் சிலர், தங்கள் உரிமை பறிபோவதாகக் கூச்சல் இட்டார்கள். நடந்து செல்வோரிலும் சிலர் எதிர்த்தார்கள். தெரு எல்லோருக்கும் பொது. ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் கடக்க வேண்டும் என்று எங்களை ஏன் அடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

போக்கிரிச் சிறுவர்கள் கண்ணாடி உருண்டைகள் மீது கல் எறிந்து பழகினார்கள். ஏராளமான உருண்டைகள் உடைந்தன. பிறகு உடையாத பொருளில் உருண்டை செய்து மாட்டினார்கள்.

அவர் யூதர் என்பதற்காகவே அவரை வெறுத்தவர்களும் உண்டு. விளம்பரப் பிரியர் என்று பழித்தவர்களும் உண்டு. ஹோர் பெலிஷா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் ஊராகச் சென்றார். கம்பத்தின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். தாமே கடந்து காட்டினார். சாலையில் நடப்பது கொலைக்குச் சமம் என்று கடுமையாகப் பேசினார்.

விளக்குக் கம்பம் சொன்ன வேகம்

அடுத்து, வேகத்துக்குக் கடிவாளம் போட வேண்டும். ஊருக்குள் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று 1934-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது.

ஆனால், ஊர் எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? நாடு முழுவதும் ஒவ்வொரு தெருவையும் அளந்து எல்லை குறிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை எத்தனை உயிர்கள் போகும்?

இதற்கு ஓர் எளிய வழியைச் சட்டத்தில் எழுதினார்கள். தெரு விளக்குகளைப் பார்! ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே 200 கெஜத்துக்கு மேல் இல்லையா? அப்படியானால் அது ஊர். அங்கே 30 மைல்தான். விளக்கு இருக்கும் இடத்தில் வீடு இருக்கும். வீடு இருக்கும் இடத்தில் குழந்தை இருக்கும். விளக்குக் கம்பமே எல்லைக் கல் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது அல்லவா? அதற்கும் வழி வைத்தார்கள். விளக்கு இல்லாவிட்டாலும் ஆபத்தான சாலை என்றால், அங்கேயும் வரம்பு விதிக்கலாம். விளக்கு இருந்தும் ஆபத்து இல்லாத சாலை என்றால், வரம்பை நீக்கலாம்.

1935-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி இந்த வரம்பு அமலுக்கு வந்தது. தெரு விளக்கை வைத்து வேக வரம்பை நிர்ணயிக்கும் முறை இன்றும் பிரிட்டனில் இருக்கிறது.

டிரைவருக்குப் பரீட்சை

இடத்தைத் திருத்தினால் போதாது. ஓட்டுகிறவரையும் திருத்த வேண்டும்.

கார் ஓட்டப் புதிதாகக் கற்பவர்கள் பரீட்சையில் தேற வேண்டும் என்ற விதி வந்தது. 1935-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் விரும்பியவர்களுக்குப் பரீட்சை தொடங்கியது. ஜூன் மாதம் 1-ந் தேதி முதல் அது கட்டாயம் ஆனது. 1934-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ந் தேதிக்குப் பிறகு ஓட்டத் தொடங்கியவர்கள் எல்லோரும் பரீட்சைக்கு வர வேண்டும். கட்டணம் ஏழரை ஷில்லிங்.

ஏறக்குறைய 2 லட்சத்து 46 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். 100-க்கு 63 பேர்தான் தேறினார்கள். மீதி 37 பேர், பழைய முறை இருந்தால் அப்படியே தெருவில் ஓட்டியிருப்பார்கள்!

கற்றுக்கொள்பவர் என்பதைக் காட்ட, காரில் எல் என்ற சிவப்பு எழுத்துப் பலகையைக் கட்டும் வழக்கமும் அப்போது வந்ததுதான்.

இரவில் ஊருக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்ற தடையையும் 1934-ம் ஆண்டில் அவர் கொண்டுவந்தார். இரவு பதினொன்றரை மணி முதல் காலை 7 மணி வரை தடை. ஹாரன் அடித்து ஆளை விரட்டலாம் என்ற எண்ணம் போய், வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. நோயாளிகளும் நிம்மதியாக உறங்கினார்கள்.

நெடுஞ்சாலைகள் அதுவரை பல நகரசபைகளின், ஜில்லா சபைகளின் கையில் இருந்தன. ஒரே சாலை ஓர் எல்லையில் அகலமாகவும் அடுத்த எல்லையில் குறுகலாகவும் இருந்தது. 1936-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 4 ஆயிரத்து 500 மைல் முக்கியச் சாலைகளை ஹோர் பெலிஷா சர்க்காரின் பொறுப்பில் கொண்டுவந்தார்.

841 உயிர்கள்

பலன் என்ன?

1934-ம் ஆண்டில் 7 ஆயிரத்து 343 பேர் இறந்தார்கள். 1935-ம் ஆண்டில் 6 ஆயிரத்து 502 பேர் இறந்தார்கள். ஒரே ஆண்டில் 841 சாவுகள் குறைந்தன. மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டு இருந்தபோதே இந்தக் குறைவு ஏற்பட்டது.

அந்த 841 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது. வழக்கம்போல் வீடு திரும்பி, வழக்கம்போல் சாப்பிட்டு உறங்கினார்கள்.

ஆனால், வெற்றி முழுமை ஆகவில்லை. 1936-ம் ஆண்டில் 6 ஆயிரத்து 561 பேர். 1937-ம் ஆண்டில் 6 ஆயிரத்து 633 பேர். எண்ணிக்கை மேலும் இறங்காமல் மெல்ல ஏறியது.

இதற்கிடையே கம்பங்களும் பெருகின. எங்கு பார்த்தாலும் கம்பம் என்றான பிறகு, டிரைவர்கள் அவற்றைச் சட்டை செய்யாமல் போகத் தொடங்கினார்கள். யாருமே கடக்காத இடத்தில் நிற்கும் கம்பம், கடக்கும் இடத்தில் நிற்கும் கம்பத்தின் மதிப்பையும் கெடுத்தது. கம்பம் நட்டால் போதாது. சரியான இடத்தில் நட வேண்டும் என்ற பாடத்தை நாடு மெல்லக் கற்றது.

யுத்த மந்திரி

1937-ம் ஆண்டு மே மாதம் ஹோர் பெலிஷா யுத்த மந்திரி ஆனார். சாலையில் காட்டிய சுறுசுறுப்பைப் பட்டாளத்திலும் காட்டினார்.

சிப்பாய்களின் தங்கும் இடங்களைச் சீர்திருத்தினார். சாப்பாட்டை நல்ல சாப்பாடு ஆக்கினார். மூத்தவர் என்பதற்காக மட்டும் பதவி கொடுக்காமல், திறமையைப் பார்த்துக் கொடுத்தார். சாதாரணச் சிப்பாய்கள் அவரை வாழ்த்தினார்கள். தளபதிகள் சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை.

யுத்தம் தொடங்கிய 4 மாதங்களில், 1940-ம் ஆண்டு ஜனவரியில், பிரதம மந்திரி சேம்பர்லின் அவரை அந்தப் பதவியில் இருந்து நீக்கினார். வேறு மந்திரி பதவி தர முன்வந்தார். ஹோர் பெலிஷா அதை ஏற்காமல் வெளியேறினார்.

இருட்டில் போன உயிர்கள்

அப்போது பிரிட்டிஷ் ஊர்கள் இருளில் மூழ்கிக் கிடந்தன. ஜெர்மன் விமானங்கள் குண்டு போடக் கூடாது என்பதற்காகத் தெரு விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கார் விளக்குகளுக்கும் மூடி போட்டார்கள்.

ஊரை அடையாளம் காட்டிய விளக்கு இல்லை. ஆரஞ்சு உருண்டையும் இருளில் தெரியவில்லை. நடைபாதை ஓரங்களிலும் மரங்களிலும் வெள்ளை வர்ணம் பூசிப் பார்த்தார்கள்.

1941-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 9 ஆயிரத்து 169 பேர். பிரிட்டனின் வரலாற்றிலேயே மிக அதிகமான தொகை இதுதான். அதுவும் பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்து, கார்கள் குறைந்த காலத்தில்! விளக்கும் அடையாளமும் எத்தனை உயிர்களைக் காத்து வந்தன என்பது, அவை மறைந்த பிறகு தெரிந்தது.

வரிக்குதிரைக் கோடுகள்

1945-ம் ஆண்டுத் தேர்தலில் ஹோர் பெலிஷா தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் மைக்கேல் பூட். இவர் பிற்காலத்தில் தொழிற்கட்சியின் தலைவர் ஆனார்.

ஹோர் பெலிஷா பதவியில் இல்லாவிட்டாலும், அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. சாலை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் அதை எடுத்து நடத்தினார்கள்.

1949-ம் ஆண்டு முதல், நாடு முழுவதும் ஒரே மாதிரிப் படிவத்தில் போலீஸார் விபத்து விவரங்களை எழுதத் தொடங்கினார்கள். விபத்து எங்கே நடந்தது? எந்த நேரம்? வெளிச்சமா, இருட்டா? ரோடு ஈரமா, காய்ந்ததா? அடிபட்டவர் யார்?

இந்த விவரங்களைக் கொண்டு ஊர்ப் படத்தில் விபத்து நடந்த இடங்களில் எல்லாம் குண்டூசி குத்தலாம். குண்டூசிகள் சில இடங்களில் கொத்தாக நிற்கும். அந்த இடங்களைத்தான் கரும்புள்ளி என்கிறார்கள். ஒரே ஆண்டின் கணக்கை நம்பக் கூடாது. அது தற்செயலாக இருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே இடத்தில் குண்டூசி குவிந்தால், குற்றம் அந்த இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

பிறகு அங்கே போய்ப் பார்க்க வேண்டும். வேலி மறைக்கிறதா? ரோடு வழுக்குகிறதா? விளக்குப் போதவில்லையா? சில இடங்களில் ஒரு செடியை வெட்டினால் போதும். குறைந்த செலவில் அதிக உயிரைக் காக்கும் வேலையை முதலில் செய்ய வேண்டும். செய்த பின் மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடக்கும் இடங்களையும் இப்படியே எண்ணிப் பார்த்தார்கள். 1949-ம் ஆண்டில் 1,000 இடங்களில் பட்டைக் கோடுகள் போட்டுச் சோதித்தார்கள். டிரைவர்களுக்குக் கோடுகள் நன்றாகத் தெரிந்தன. 1951-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 31-ந் தேதி வரிக்குதிரைக் கோடுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

அதே சமயத்தில் துணிச்சலான ஒரு காரியத்தையும் செய்தார்கள். பழைய கடக்கும் இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை எடுத்துவிட்டார்கள். உண்மையில் மக்கள் கடக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே கோடும் கம்பமும் பளிச்சென்று தெரியும்படி செய்தார்கள். பின்னர் ஆரஞ்சு உருண்டைக்குள் விளக்கு வைத்து, விட்டு விட்டு எரியச் செய்தார்கள்.

மேடையில் சாய்ந்தார்

1954-ம் ஆண்டில் ஹோர் பெலிஷாவுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. தம்மை 22 ஆண்டுகள் பார்லிமெண்டுக்கு அனுப்பிய டெவன்போர்ட் ஊரின் பெயரையே பட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். 1944-ம் ஆண்டில் அவர் திருமணம் செய்துகொண்டிருந்தார். மனைவியின் பெயர் சிந்தியா. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

1957-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுத் தூதுகோஷ்டி ஒன்று பிரான்சு நாட்டுக்குச் சென்றது. அதற்குத் தலைவர் ஹோர் பெலிஷா. 16-ந் தேதி, ரீம்ஸ் என்ற நகரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கிச் சாய்ந்தார். உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63.

பிள்ளை இல்லாததால் அவருடைய பிரபு பட்டம் அவரோடு முடிந்தது. ஆனால், அவருடைய பெயர் தெருவில் நிற்கிறது.

1934-ம் ஆண்டில் பிரிட்டனில் 24 லட்சம் வண்டிகள் ஓடி, 7 ஆயிரத்து 343 பேரைக் கொன்றன. 2023-ம் ஆண்டில் 4 கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடின. இறந்தவர்கள் 1,624 பேர். இந்தப் பெருமை ஒரு மனிதருக்கு மட்டும் உரியது அல்ல. என்ஜினீயர்கள், டாக்டர்கள், போலீஸார், ஆராய்ச்சியாளர்கள் என்று பல ஆயிரம் பேர் பாடுபட்டார்கள். ஆனாலும், சாலைச் சாவைக் கண்டு கோபப்பட்டு, மக்களையும் கோபப்பட வைத்தவர் என்ற பெருமை ஹோர் பெலிஷாவுக்கு உண்டு.

உயிர் போன இடத்தைக் குறித்து வைத்து, அடுத்த உயிர் போவதற்குள் அந்த இடத்தைத் திருத்துவதே சாலைப் பாதுகாப்பு. லண்டன் தெருவில் நிற்கும் கறுப்பு வெள்ளைக் கம்பம் அதைத்தான் சொல்லுகிறது.